காரட் என்றால் காரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில் நாக்கு செத்துப்போனால் என்ன செய்யலாம் என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். கூடவே ஒரு நாக்குப் படம். நுனியில் இனிப்பு, அதை ஒட்டி இரண்டு ஓரமும் உப்பு, அதற்குப் பின்னால் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று ஆளுக்கொரு வண்ணம் அடித்துப் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் டாக்டர் இல்லை. தாராவியில் இட்லி போட்டுக் கொடுக்கிற வீட்டுப் பெண், பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் அம்மாவின் நாக்கை யாராவது சோதித்துப் பார்க்க மாட்டார்களா என்று ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்ததில் இந்த விஷயம் கொஞ்சம் பிடிபட்டது, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம் தப்பு. 1901ல் ஹேனிக் என்ற ஜெர்மன்காரர் நாக்கின் ஓரத்தில் இடம் இடமாகச் சொட்டு வைத்துப் பார்த்து, ருசி தெரிவதில் இடத்துக்கு இடம் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று எழுதினார். கொஞ்சம்தான். 1942ல் போரிங் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் (பெயர்தான் போரிங், குழாய்க்கிணறு இல்லை) அதைத் தன் புத்தகத்தில் வரைபடமாகப் போட, அந்தக் கொஞ்சம் ஊதிப் பெரிதாகி, நுனிநாக்குக்கு இனிப்பைத் தவிர ஒன்றும் தெரியாது என்கிற அளவுக்குப் போய்விட்டது. 1974ல் காலிங்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் மறுபடி சோதித்து அந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது என்று காட்டினார், ஆனாலும் படம் போகவில்லை, இன்னும் பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்குகிறது. நுனிநாக்கில் ஒரு கல் உப்பை வைத்துப் பாருங்கள் சார், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ராத்திரி இரண்டரைக்கு அடுப்பு பற்றும். ஆறு மணிக்குள் இட்லி, மெதுவடை, சாம்பார், தேங்காய்ச் சட்னி எல்லாம் இறங்கிவிடும், சைக்கிள்காரத் தம்பிகள் வந்து ஏற்றிக்கொண்டு ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கியபடி சயான், மாட்டுங்கா, வடாலா என்று ஆளுக்கொரு பக்கம் போவார்கள். முப்பது வருஷமாக அம்மா சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து நான் கண்டதில்லை. கொதிக்கிற அண்டாவுக்கு மேல் முகத்தைக் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பாள், இன்னும் அரைக் கைப்பிடி போடு என்பாள், அவ்வளவுதான். சாமிக்குப் படைக்கிறதை ருசி பார்க்கக்கூடாது என்று திருநெல்வேலியில் ஆச்சி பழக்கிவிட்ட பழக்கம்.

2021 ஏப்ரலில் ஊருக்கே வந்த காய்ச்சல் அம்மாவுக்கும் வந்தது. பத்து நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் வாய் மட்டும் சரியாகவில்லை. “ஏட்டி, நாக்கு செத்துப்போச்சு, எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு மாதத்தில் திரும்பிவிடும் என்றார்கள், பலருக்குத் திரும்பவும் செய்தது, இவளுக்கு வரவில்லை. சைக்கிள் தம்பி ஒருவன் தயங்கித் தயங்கி, “அத்தை, சாம்பார் கரிக்குதுன்னு ஆபீஸ்காரங்க திட்டுறாங்க” என்றான். வடாலாவில் ஒருத்தர் பொட்டலத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அன்றைக்கு அம்மா யாரிடமும் பேசவில்லை. வெளியூரில் வந்து ஒரு கைப்பக்குவத்தை நம்பிப் பிழைக்கிற மனுஷிக்கு அது சின்ன விஷயமா?

தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு “உமர் ஹோ கயா” என்றார். வயசு 58தான். துத்தநாக மாத்திரையும் சத்து மாத்திரையும் மூன்று மாதத்துக்கு எழுதினார். இன்னொரு இடத்தில் பற்பசையை மாற்றச் சொன்னார்கள். இரத்தத்தில் துத்தநாகம் குறைந்து ருசி போகிறவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? கண் தெரியவில்லை என்றால் எழுத்துப் பலகையைக் காட்டுகிறார்கள், காது கேட்கவில்லை என்றால் ஹெட்போனை மாட்டிச் சத்தம் வைக்கிறார்கள், ருசி தெரியவில்லை என்றால் மட்டும் எடுத்த எடுப்பில் மாத்திரை. உங்கள் கட்டுரையும் அதையேதான் செய்தது, இஞ்சிச் சாறு, நெல்லிக்காய், துத்தநாகம் என்று. சோதனை என்று ஒன்று இருப்பதாக ஒரு வரிகூட இல்லை.

ஆனால் இருக்கிறது. எங்களுக்கு அது கிடைத்தது அதிர்ஷ்டத்தில். ஒரு பெரிய மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் மேல்படிப்பு படிக்கிற ஒரு டாக்டர் பெண் தன் ஆய்வுக்காக ஆள் தேடிக்கொண்டிருந்தாள். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், டீ, வெற்றிலை, பல் தேய்ப்பது எதுவும் கூடாது என்றாள். வெற்றிலை இல்லாமல் அம்மா ஒரு மணி நேரம் இருந்ததே பெரிய சாதனை.

மேசையில் வடிகட்டும் தாளில் செய்த பதினாறு துண்டுகள், ஒவ்வொன்றும் விரல் நீளம், நுனி மட்டும் கொஞ்சம் அகலம். அந்த நுனியை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நான்கு கரைசலில் தோய்த்துக் காயவைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு ருசியிலும் நான்கு வீரியம். உப்பில் மெலிந்தது 100 மில்லி தண்ணீரில் 1.6 கிராம், கெட்டியானது 25 கிராம். சர்க்கரையில் 5 கிராமிலிருந்து 40 கிராம் வரை. புளிப்புக்கு எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலம், கசப்புக்குக் கொயினா. ஜெர்மனியில் 2003 வாக்கில் வந்த முறையாம். மெலிந்ததில் ஆரம்பித்து, ருசிகளை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றாக நாக்கில் வைத்து வாயை மூடச் சொல்வார்கள். நான்கில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், தெரியவில்லை என்று சொல்லக்கூடாது. வாய் கொப்புளித்துவிட்டு அடுத்தது. சரியாகச் சொன்னால் ஒன்றுக்கு ஒரு மதிப்பெண், பதினாறுக்கு ஒன்பதுக்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. ஒரு ருசியும் தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டாலே சராசரியாக நான்கு வந்துவிடும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு ஏழு வந்தது.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்மா முகம் வாடி வெளியே வந்து, “எல்லாம் தெரியுதுட்டி, அந்தப் புள்ள என்ன கேக்குன்னுதான் வெளங்கல” என்றாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்தப் பெண் மராத்திக்காரி. மேசையில் வைத்திருந்த அட்டையில் மராத்தியில் கோட், ஆம்பட், காரட், கடூ. மும்பையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், காரட் என்றால் உப்புக் கரிப்பது. எங்கள் அம்மா காதில் அது காரமாகத்தான் விழும். உப்புத்தாளை வைத்து அந்தப் பெண் நான்கையும் வாசித்திருக்கிறாள், அம்மா ‘இதிலே காரம் எங்கே இருக்கு’ என்று யோசித்துவிட்டு வேறு எதையோ சொல்லியிருக்கிறாள். உடனே இந்திக்கு மாறினார்களாம், அங்கே கட்டா என்றால் புளிப்பு, கடுவா என்றால் கசப்பு. அம்மா சந்தை இந்தி பேசுவாள், வெங்காயம் பேரம் பேச அது போதும். வாயில் ஏதோ சுருக்கென்று இருக்கும்போது கட்டாவா கடுவாவா என்று யாராவது வேகமாகக் கேட்டால் எனக்கே குழம்பும். புளிப்பையும் கசப்பையும் மாற்றிச் சொல்வது உலகம் முழுக்க இந்தச் சோதனையில் நடக்கிறதுதான் என்று அந்தப் பெண்ணே சொன்னாள், அதற்கு மேல் மொழியும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா.

கேஸ் பேப்பரின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு என்று எழுதிக் கொடுத்தேன். உவர்ப்பு, கைப்பு என்று புத்தகத் தமிழில் எழுதியிருந்தால் அதுவும் மராத்தி மாதிரிதான் ஆகியிருக்கும். அடுத்த வாரம் அதே பதினாறு தாள், அம்மா வார்த்தையை விரலால் தொட்டுக் காட்ட வேண்டியது, யாரும் எதுவும் கேட்கவில்லை. 13 வந்தது. உப்பில் நான்குக்கு நான்கு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லணும். நமக்கு அறுசுவை என்று ஆறு. சோதனையில் காரமும் துவர்ப்பும் கிடையாது என்றதும் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது, காரம் தெரியாத நாக்கு ஒரு நாக்கா என்று. அந்த டாக்டர் பெண் சிரித்துக்கொண்டு விளக்கினாள். மிளகாய் எரிவது சூடு சுடுவதை உணர்கிற நரம்பின் வேலை, அதே நரம்பு முகம் முழுக்க இருக்கிறது. மிளகாய்ப் பொடி கண்ணில் பட்டாலும் எரியும், சர்க்கரை கண்ணில் பட்டால் இனிக்குமா? துவர்ப்பு என்பது பாக்கிலும் வாழைப்பூவிலும் இருக்கிற சத்து எச்சிலோடு சேர்ந்து வாயைச் சுருங்க வைக்கிற உணர்ச்சி, பெரும்பாலும் தொடு உணர்வில் சேர்க்கிறார்கள். அவர்கள் கணக்கில் ஐந்தாவதாக வேறு ஒன்று இருக்கிறது, உமாமி, 1908ல் ஜப்பானில் இக்கேடா என்பவர் கடல்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக் காட்டியது. அதற்கு நம்மிடம் தனிப் பெயர் இல்லை, தக்காளி போட்டு வெந்த பருப்பின் அடிருசி என்று நானாக வைத்துக்கொண்டேன். பெயர் தெரியாததைச் சொல்லச் சொன்னால் ஆட்கள் திணறுகிறார்கள் என்பதால் அந்தத் தாள் கட்டில் அது இல்லை.

நாக்கு நன்றாக இருக்கிறது என்றால் மண் தின்கிற மாதிரி ஏன் இருக்கிறது? அந்தப் பெண் அம்மா கண்ணை மூடச் சொல்லி ஒரு டப்பாவைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனாள். அம்மா பேசாமல் இருந்தாள். காப்பிப்பொடி. எனக்கு மூன்றடி தள்ளி நின்றே அடித்தது. கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, எதுவும் இல்லை. அம்மாவுக்குப் போனது மூக்கு. காய்ச்சல் அதைத்தான் கொண்டுபோயிருக்கிறது. சாப்பிடும்போது வாயில் மெல்கிறதன் வாசம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகிறது, அதையும் சேர்த்துத்தான் நாம் ருசி என்கிறோம். ருசி போய்விட்டது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நாக்கில் குறையே இருக்காது என்று அவள் சொன்னதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒரு வருஷம் நாக்கைத் திட்டியதற்கு நாக்கிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

உப்புக்கு வாசனை கிடையாது. அப்படியானால் அம்மா முகர்ந்து எதைச் சொன்னாள்? பருப்பும் புளியும் பெருங்காயமும் சேர்ந்து கொதிக்கிற பதத்தை வைத்து, இந்தப் பதத்துக்கு இவ்வளவு உப்பு என்று கை தானாகப் போட்டிருக்கிறது. வாசம் போனதும் கைக்கு வழி தெரியவில்லை, சப்பென்று இருக்கிறதே என்று இன்னும் ஒரு கைப்பிடி, இன்னும் ஒரு கைப்பிடி. இது என் கணிப்புதான், ஆனால் வேறு மாதிரி எனக்கு யோசிக்க முடியவில்லை.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஆரஞ்சு மிட்டாயை வாயில் போடுங்கள். இனிப்பும் லேசான புளிப்பும்தான் தெரியும். விரலை எடுத்ததும் ஆரஞ்சு வந்து நிற்கும். விரலை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் மூக்கைக் காட்டப் போங்கள், நாக்கை விடுங்கள். இது டாக்டர் சோதனைக்குப் பதில் இல்லை, எந்தப் பக்கம் போகணும் என்று தெரிந்துகொள்ள மட்டும்.

இது ருசியோடு நிற்கிற சமாச்சாரமும் இல்லை. சமையல் காஸுக்குத் தனியாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த அழுகல் வாடையைச் சேர்க்கிறார்கள். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் குப்பென்று அடித்தது, அம்மா உள்ளே உளுந்து களைந்துகொண்டிருக்கிறாள், பின்னடுப்பின் குமிழ் பாதி திறந்து கிடக்கிறது. எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். அன்றைக்கு யாராவது தீக்குச்சி கிழித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

நாக்கே நிஜமாகக் கெட்டவர்களும் உண்டு, அவர்களுக்கும் இந்தத் தாள் வேண்டும். நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு ருசி கொண்டுபோகிற நரம்பு நடுக்காது வழியாகப் போகிறது, ஆகவே காது ஆபரேஷன் செய்தவர்களுக்கு அந்தப் பக்கத்து நாக்கில் ருசி குறைவதுண்டு. அப்போது தாளை இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியாக வைத்துப் பார்ப்பார்கள். மெல்லிய மின்சாரம் விட்டுப் பார்க்கிற கருவியும் இருக்கிறது. சின்ன வயசில் டார்ச் பேட்டரியை நாக்கில் வைத்துச் சார்ஜ் இருக்கிறதா பார்ப்போமே, அந்தப் புளிப்பான உலோக ருசிதான், எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் தெரிகிறது என்று அளப்பார்கள். எந்த ருசி போயிற்று என்று அது சொல்லாது, நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும். புற்றுநோய்க்குக் கழுத்திலும் தலையிலும் கதிர்வீச்சு எடுத்தவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டு வாயில் இரும்பு ருசி வருகிறவர்கள், படர்தாமரைக்கு டெர்பினாஃபின் சாப்பிட்டு ருசி போனவர்கள் என்று பட்டியல் நீளம். எல்லாருக்கும் இஞ்சிச் சாறு எழுதிக் கொடுத்தால் எப்படி?

எனக்கு வேண்டியது இரண்டுதான். அந்தப் படம் தவறு என்று அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள், மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். அப்புறம், மும்பையில் தமிழர்கள் மட்டுமா இருக்கிறோம், தெலுங்கு, உருது, போஜ்புரி, குஜராத்தி என்று எல்லாரும் வரிசையில் நிற்கிற ஊர். இந்தச் சோதனை செய்கிற இடத்தில் நான்கு சொற்களை அவரவர் பாஷையில் எழுதின அட்டை இருக்கட்டும், சமையலறையில் பேசுகிற சொல்லாக இருக்கட்டும். ஏழுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரு அட்டைதான். அந்த ஏழு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு போயிருந்தால் அம்மா இன்னமும் நாக்குக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பாள். இதைப் பற்றி உங்கள் பத்திரிகை ஒரு டாக்டரிடம் கேட்டு எழுதினால் என் கடிதத்தைவிடப் பத்து மடங்கு பேர் படிப்பார்கள்.

அம்மா இப்போது காலையும் மாலையும் நான்கு சிமிழ்களை முகர்கிறாள்: பன்னீர், நீலகிரித் தைலம், எலுமிச்சைத் தோல், கிராம்பு. மூக்குக்குப் பயிற்சி, குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்யச் சொன்னார்கள், ஆறு மாதமாகச் செய்கிறாள். போன வாரம் கிராம்பில் ஏதோ தெரிகிறது என்றாள், ஆனால் கிராம்பு மாதிரி இல்லையாம், எரிந்த ரப்பர் மாதிரியாம். அதுவும் நல்லதுக்குத்தான் இருக்கலாம் என்றாள் டாக்டர் பெண். சாம்பாருக்கு உப்பை இப்போது டம்ளரில் அளந்து போடுகிறோம், தம்பி பெண்டாட்டி ருசி பார்க்கிறாள், அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு அவள் முகத்தைப் பார்க்கிறாள்.

நான் எழுதின அட்டையை அந்தப் பெண்ணிடமே விட்டுவிட்டு வந்தேன். தெலுங்கில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், இந்த வாரம் எழுதித் தருவதாகச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை.